பால் காய்ச்சும் வீட்டில் பப்பிக்கு என்ன பரிசு?

கிரகப்பிரவேசப் பத்திரிகை கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, மொய் எழுதிவிடலாமா, ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா என்பதுதான். மொய் என்றால் கவரோடு வேலை முடிந்தது. வாங்குவதென்றால் குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், பிள்ளையார் படம், ஹாட்பாக்ஸ் என்று நாலைந்து பொருளுக்குள்ளேயே மனம் சுற்றும். அப்படி வந்து குவியும் கடிகாரங்களில் பாதி, பிரிக்கப்படாமலே அடுத்த விசேஷத்துக்குக் கைமாறிப் போவது ஊரறிந்த கதை. இந்தப் பரிசுகள் எல்லாம் வீட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுபவை. வீட்டில் யார் குடியேறுகிறார்கள் என்று பார்த்துக் கொடுக்கப்படுபவை அல்ல. நாயோ பூனையோ வளர்க்கும் குடும்பம் வீடு மாறும்போது இந்தக் குறை பளிச்சென்று தெரியும். அந்தக் குடும்பத்தில் இடமாற்றத்தால் மிக அதிகம் தடுமாறப்போவது யாரோ, அவருக்கென்று ஒரு பொருளும் வருவதில்லை.

இத்தனைக்கும் நம் சடங்கு விலங்கை மறந்த சடங்கல்ல. விடிவதற்குள் பசுவையும் கன்றையும் அழைத்துவந்து வாசல்படி தாண்ட வைத்த பிறகே மனிதர்கள் உள்ளே நுழையும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் அதே நாளில் அந்த வீட்டில் ஆண்டுக்கணக்காக வளரும் நாயைப் பழைய வீட்டில் பூட்டிவிட்டு வருவார்கள். இல்லையென்றால் புது வீட்டின் குளியலறையில் அடைத்துவைப்பார்கள். ஹோமப் புகையும் நாதஸ்வரமும் முன்பின் தெரியாத நூறு கால்களும் அடங்கிய பிறகு, பெயின்ட் வாசனை மாறாத ஒரு கட்டடத்தில் அதைக் கொண்டுவந்து விடுவார்கள். இதற்குப் பரிகாரமாக ஒரு பரிசு கொடுக்க நினைப்பவருக்கு இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: அந்தப் பரிசைக் கையால் செய்யுங்கள். பாசத்தைக் காட்டுவதற்காக என்று சொல்லவில்லை. இடம் மாறிய விலங்குக்கு வேண்டிய மூன்று பொருள்கள், அதாவது பழகிய வாசனை, ஒளிந்துகொள்ள ஓரிடம், உள்ளே என்ன இருக்கிறதென்று முழுதாகத் தெரிந்த தீனி ஆகியவை, கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்தால்தான் சரியாக அமையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூக்கால் அறியும் வீடு

நமக்கு வீடு என்பது கண்ணால் பார்ப்பது. டைல்ஸ் நிறம், ஜன்னல் வெளிச்சம், பூஜையறையின் திசை என்று பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்கிறோம். நாய்க்கும் பூனைக்கும் வீடு என்பது முதலில் வாசனை. பூனை கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போவதைக் கொஞ்சல் என்று நினைத்துவிடுகிறோம். அதன் கன்னத்துச் சுரப்பிகள் விட்டுச்செல்லும் வாசனைதான் அதற்கு 'இது நம் இடம்' என்ற அடையாளம். வீடு மாறும்போது அந்த அடையாளம் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக வார்னிஷ், பெயின்ட், துடைத்த பினாயில். இதில் பினாயில் வெறும் நாற்றம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பீனால் வகை வேதிப்பொருள்களை உடலிலிருந்து கழித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் அது நேரே உடலுக்குள் போகும்.

பழகிய வாசனை உண்மையிலேயே ஆறுதல் தருமா, அல்லது நாமாகக் கற்பித்துக்கொள்வதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை மயக்க மருந்து கொடுக்காமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஐந்து விதமான வாசனைகளைக் காட்டினார்கள். அந்த நாயின் சொந்த வாசனை, தெரிந்த நாய், தெரியாத நாய், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர். நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு தொடர்புடைய 'காடேட்' என்ற மூளைப்பகுதி, தெரிந்த மனிதரின் வாசனைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தூண்டப்பட்டது. அந்த மனிதர் அப்போது அறையில்கூட இல்லை. 2015ல் வெளியான இந்த ஆய்வு, எஜமானர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் அவருடைய வாசனை நாய்க்கு அர்த்தமுள்ளதாக இருக்கிறது என்று காட்டுகிறது.

ஒளிவிடத்துக்கும் இதுபோல ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். யூட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட முடிவின்படி, பெட்டி கிடைத்த பூனைகள் மூன்றாவது, நான்காவது நாளிலேயே பெருமளவு அமைதியாகிவிட்டன. பெட்டி இல்லாதவை அந்த நிலைக்கு வர இரண்டு வாரம் போல ஆனது. 19 பூனை என்பது சின்ன எண்ணிக்கைதான், காப்பகக் கூண்டும் குடும்ப வீடும் ஒன்றல்ல என்பதும் நியாயமான எதிர்வாதம். ஆனாலும் அந்த முடிவில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. எப்படியும் இரண்டு வாரத்தில் பூனை தானாகத் தேறிவிடும். உதவி தேவைப்படுவது முதல் சில நாள்களுக்குத்தான். கிரகப்பிரவேசப் பரிசு போய்ச் சேருவதும் சரியாக அந்த நாள்களில்தானே!

பழைய வேட்டியும் அட்டைப்பெட்டியும்

அப்படியானால் பரிசு எப்படி இருக்க வேண்டும்? குடிபோவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே அந்த வீட்டுக்காரரிடம் கட்டிக் கழித்த ஒரு பருத்திப் புடவையோ வேட்டியோ கேட்டு வாங்கிவிட வேண்டும். அதை நாலைந்து மடிப்பாக மடித்து, மடிப்பு விலகாமல் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் ஒரு மெத்தை விரிப்பு கிடைக்கும். கிராமத்தில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தைத்த அதே விரிப்புதான். தைத்து முடித்ததும் சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு, கலர் காகிதத்தில் சுற்றத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. விரிப்பைத் திரும்பவும் அவர்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பி, பழைய வீட்டிலேயே ஒரு வாரம் அந்த நாயோ பூனையோ அதில் படுத்துப் புரளவிட்டுவிட வேண்டும். புது வீட்டுக்கு அது போகும்போது மனிதர் வாசனையும் விலங்கின் சொந்த வாசனையும் சேர்ந்தே போகும். எந்தக் கடையிலும் இந்தச் சரக்கு இருப்பில் இருக்காது. நம் ஊர் வெயிலுக்கு ரோமத்துணி போர்த்திய ஸ்பாஞ்ச் படுக்கையைவிடப் பருத்தி விரிப்பு உடம்புக்கும் இதம்.

பூனை வீடென்றால் இந்த விரிப்போடு ஓர் அட்டைப்பெட்டி. பூனை தாராளமாகத் திரும்பிப் படுக்கும் அளவு பெட்டியில் ஸ்டேப்ளர் பின், செலோ டேப் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வாசல் வெட்ட வேண்டும். ஒரே வாசல் வைத்தால் அது பூனைக்கு ஒளிவிடமாகத் தோன்றாது, மாட்டிக்கொள்ளும் இடமாகத் தோன்றும். அடுத்தது நகம் கீற ஒரு கம்பம். நான்கு விரல் தடிமனுள்ள கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இடைவெளி தெரியாமல் இறுக்கிச் சுற்றி, கயிற்றின் இரு நுனிகளையும் சுற்றுக்குள் செருகி, ஆடாத பலகையில் நிறுத்தினால் போதும். புது சோபாவைக் காப்பாற்றும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கயிற்று நுனியோ நூலோ தொங்கினால் மட்டும் விடக் கூடாது. பூனை விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்து அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். தோட்டத்தில் குப்பைமேனிச் செடி இருந்தால் அதன் வேரைக் கழுவி உலர்த்தி, கெட்டித் துணிப்பைக்குள் வைத்துத் தைத்துவிடலாம். பூனைகள் அந்த வேரை மோந்து, தேய்த்து, புரளும் என்பது நம் நாட்டு மருத்துவ மரபுக்கு நெடுநாளாகத் தெரிந்தது. அந்த ஈர்ப்புக்குக் காரணமான வேதிப்பொருள்களை 2016ல் ஆஸ்திரேலிய ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை அடையாளம் காட்டியது. மோந்து விளையாட மட்டும்தான் அந்தப் பை, தின்னக் கொடுப்பதற்கில்லை.

'பழந்துணியையும் அட்டைப்பெட்டியையும் பரிசென்று நீட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?' என்ற தயக்கம் வரும். மொய் நோட்டில் ஊரறிய வரவு வைக்கும் சமூகத்தில் இது பொய்யான கவலையல்ல. மரியாதைக்கு உரியதை மரியாதைக்குக் கொடுத்துவிடுங்கள். மொய்யோ விளக்கோ, அது சபையில் கொடுப்பது. இது பந்தியெல்லாம் முடிந்து விருந்தினர் கலைந்த பிறகு கொடுப்பது. ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. அதோடு, ஆயிரக்கணக்கில் விலையுள்ள படுக்கையை மோந்து பார்த்துவிட்டு அது வந்த பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் பூனையைப் பற்றிப் பூனை வளர்க்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். விலைச்சீட்டு யாருக்காக ஒட்டப்படுகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தீனி டப்பாவில் என்ன இருக்கலாம்?

தீனி விஷயத்தில்தான் கையால் செய்வதற்குப் பலத்த எதிர்ப்பு வரும். பாக்கெட் தீனியிலாவது என்னென்ன சேர்த்தார்கள் என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டில் ஆர்வக்கோளாறில் ஏதாவது கலந்துவிட்டால் யார் பொறுப்பு? கேள்வி சரி. நம் சமையலறையின் அன்றாடச் சாமான்களே இவற்றுக்கு நஞ்சு. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாக்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்தாலும் எதனால் என்பது புதிராகவே இருந்தது. பேக்கிங்கில் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்ட்டரையும் புளியையும் தின்ற நாய்களுக்கு அதே விதமான சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022ல் விலங்கு மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. மூன்றுக்கும் பொதுவான டார்ட்டாரிக் அமிலமே குற்றவாளி என்பது அதில் முன்வைக்கப்பட்ட விளக்கம். விசேஷ வீட்டில் மிஞ்சிய புளியோதரையையும் திராட்சை போட்ட கேசரியையும் 'பாவம், அதுவும் சாப்பிடட்டும்' என்று நாய்த் தட்டில் வைப்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பட்டியல் கைத்தீனிக்கு எதிரான வாதமாகாது. மூன்றே சாமானில், உப்பும் இனிப்பும் எண்ணெயும் இல்லாமல் செய்தால், உள்ளே என்ன இருக்கிறதென்று கடைசிச் சிட்டிகை வரை தெரிந்த தீனி அதுவாகத்தான் இருக்கும். ஒரு கப் கேழ்வரகு மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அரை கப், ஒரு முட்டை. இவற்றைக் கெட்டியாகப் பிசைந்து, தட்டை போல மெல்லிசாகத் தட்டி, சின்னச் சின்னதாக வெட்டி, அடிகனமான தோசைக்கல்லில் சிறுதீயில் இரு பக்கமும் ஈரம் போக வாட்டி எடுத்தால் நாய்க்கு பிஸ்கட் தயார். தானியம் நாய்க்கு ஆகுமா என்றால், ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு விடை சொல்கிறது. மனிதரோடு வாழத் தொடங்கிய நாய், ஓநாயைப்போல் அல்லாமல், மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்களைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. பூனை அப்படியல்ல. அது பிறவியிலேயே இறைச்சியுண்ணி. இனிப்பை உணரும் மரபணுவே அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005ல் கண்டறியப்பட்டது. அதற்குக் கேழ்வரகு பிஸ்கட்டும் வேண்டாம், பால்கோவாவும் வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்து நாராக உரித்து ஈரம் போக வாட்டிய எலும்பில்லாத கோழிக்கறி ஒரு கைப்பிடி போதும். உப்புக் கருவாடு கூடாது.

டப்பாவின் மேல் சேர்த்த பொருள்களையும் செய்த தேதியையும் கட்டாயம் எழுதி ஒட்ட வேண்டும். பிஸ்கட் என்றாலும் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கறியை ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளாத நாய் உண்டு, சிறுநீரகக் கோளாறுக்கு மருத்துவ உணவு உண்ணும் பூனை உண்டு. கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. தின்பண்டம் ஒரு நாள் உணவின் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகக் கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அதனால் சின்ன டப்பாவே நல்ல பரிசு. லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீட்டுக்கு வேலை இன்னும் எளிது. தினைக்கதிர்களை ஒரு கொத்தாகக் கட்டி, உட்கார வெவ்வேறு தடிமனில் மருந்தடிக்காத கொய்யாக் கிளைகள் நாலைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் போதும். பச்சைக்கிளி வளர்க்கும் வீட்டுக்கு மட்டும் பரிசு கிடையாது. 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம்.

கொடுக்காமல் இருப்பதும் பரிசுதான்

இதுவரை சொன்னதன் மறுபக்கம், வழக்கமான பரிசுகளில் சிலவற்றைத் தவிர்ப்பது. புது வீட்டுக்கு மணி பிளான்ட் கொடுப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. அதன் இலையில் உள்ள ஆக்சலேட் படிகங்கள் கடித்த வாயைக் குத்தி வீங்கவைக்கும். லில்லிப் பூங்கொத்து அழகுதான், ஆனால் உண்மையான லில்லி வகைகளின் மகரந்தம் ரோமத்தில் பட்டு, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் போகும். வாசல் மாலையில் கோத்த அரளி இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு. கற்பூரத்தையும் அந்துருண்டையையும் நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. பறவைகளின் சுவாச மண்டலம் நம்முடையதைவிட நுட்பமானது என்பதால், ஹோமம் நடக்கும் கூடத்தில் கூண்டு இருக்கக் கூடாது. அதிகம் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவிகூடச் சிறு பறவைகளைக் கொன்றுவிடும். பெரிய கடையின் பையில் வருகிற ஒரு நான்ஸ்டிக் செட்டைவிட, எதைக் கொடுக்கக் கூடாதென்று தெரிந்தவர் கொடுக்கும் ஒரு முழத் துணி மேல்.

வளர்ப்பவருக்கு வேண்டியதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். வீடு மாறிய முதல் வாரத்தில் நாய் திறந்த கதவு வழியே ஓடி, பழைய வீட்டைத் தேடிப் போய்த் தொலைவது அவர்களுடைய பெரிய பயம். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருபவர் பாத்திரக் கடைகளில் இருக்கிறார். கொடுப்பவர் பெயரை வெட்டும் அதே உளியால், சின்ன எவர்சில்வர் வில்லையில் வளர்ப்பவரின் செல்பேசி எண்ணை வெட்டச் சொல்லி, வளையம் மாட்டிக் கழுத்துப் பட்டையில் கோத்துக் கொடுக்கலாம். கூடவே, கதவருகே ஒட்ட ஓர் அட்டை: 'நாய் இருக்கிறது, கதவைச் சாத்திவிட்டு வரவும்', அதன் கீழே புது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணும் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும். புது இடத்தில் இதைத் தேடிப் பிடிக்க வீட்டுக்காரருக்கு நேரம் இருக்காது, நமக்கு இருக்கும். மாடிக் குடியிருப்பென்றால் பால்கனிக்கு வலை கட்டிக் கொடுப்பது இன்னும் பெரிய உதவி. உயரத்திலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987ல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றிவிடும் என்று நம்புகிறவர்கள், மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தவை மட்டுமே அந்தக் கணக்கில் இருக்கின்றன என்பதையும், அவற்றில் பல நெஞ்சிலும் தாடையிலும் அடிபட்டு வந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இத்தனை மெனக்கெட வேண்டுமா?

'மனிதருக்கே வழியில்லாத ஊரில் நாய்க்குச் சீர்வரிசையா?' என்று கேட்பவர்களுக்குக் கணக்கைக் காட்டினால் போதும். பழைய வேட்டி, காலிப் பெட்டி, கயிறு, ஒரு கப் மாவு: யார் பங்கிலிருந்தும் எதுவும் குறையவில்லை. விலங்கை அலங்காரப் பொருளாக்கும் செலவு எதுவென்றால், தொப்பியும் கண்ணாடியும் வாங்கி மாட்டி, படம் எடுத்துப் போடுவதுதான். அக்கம்பக்கத்தார் கேள்வி வேறு வகை. குடியிருப்பில் நாய் வளர்க்கத் தடை போடச் சங்கத்துக்கு, பெரும்பான்மை முடிவாலும்கூட, அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் நெறிமுறையைக் காட்டி நல்லுறவு சம்பாதிக்க முடியாது. முதல் வாரத்தில் ஊளையிடாத நாயே சங்கத்தில் நல்ல பெயர் வாங்கித் தரும். அதைப் படுக்கவைக்கும் விரிப்பு, எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கொடுத்த பரிசுதான்.

கடைசியாக, சற்றுக் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. கையால் செய்த பொருளின் மதிப்பு செய்தவர் கண்ணுக்குத்தான் பெரிதாகத் தெரியும். அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 2012ல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே மடித்த காகித உருவங்களுக்கு மடித்தவர்கள் கொடுத்த விலை, மற்றவர்கள் அவற்றுக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. நம் உழைப்பை நாமே மெச்சிக்கொள்வதை அடுத்தவர் தலையில் கட்டுவதுதானே கைவினைப் பரிசு என்று இதை வைத்துக் கேட்கலாம். மனிதருக்குக் கொடுக்கும் பரிசில் இந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. பிடிக்காத ஓவியத்தையும் வாங்கிக்கொண்டு 'ரொம்ப நல்லா இருக்கு' என்பார்கள், நாமும் நம்பிவிடுவோம். நாயிடமும் பூனையிடமும் அந்த முகத்தாட்சணியம் செல்லாது. விரிப்பில் படுத்தால் பிடித்திருக்கிறது, மோந்துவிட்டு நகர்ந்தால் பிடிக்கவில்லை. நம் உழைப்பின் பெருமை அங்கே ஒரு பொருட்டே அல்ல. ஆகவே செய்பவர் தன் கைத்திறனைக் காட்ட நினைக்காமல், அந்த விலங்கின் வயது, பழக்கம், நோய், பயம் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து அதற்கேற்பச் செய்ய வேண்டியதாகிறது. கேட்க நேரமில்லை, செய்யப் பொறுமையில்லை என்றால் கவரில் மொய் வைத்துவிடுவதே நேர்மை; அந்தப் பணத்தில் வீட்டுக்காரர் வேண்டியதை வாங்கிக்கொள்வார். கேட்டுச் செய்ய முடிந்தவர் செய்யட்டும், பழைய வேட்டியைப் பழைய வீட்டிலிருந்து இன்றே வாங்கிவந்துவிடட்டும். சாமான் லாரி கிளம்பிய பிறகு அந்த வாசனையைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.